எழுத ஒருவர், வாசிக்க ஒருவர்

இன்று அலுவலகக் கூட்டத்துக்கு மீன் றோல்ஸ் வாங்கி வந்திருந்தார்கள். பெட்டியைத் திறந்ததும் எழுந்த மிளகு வாசத்தில் உன் நினைவு வந்தது. கூட்டமென்றால் முதலாவதை எடுப்பவள் நீதானே. துக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. குருநகர்த் தேவாலய வாசலில் உன் சவப்பெட்டிக்கு முன்னால் கண்ணைத் துடைத்த எங்கள் முதலாளி, இன்று றோல்ஸைத் தின்றுகொண்டே உன் வேலையைக் குலைக்கச் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்கு நாங்கள் செய்துகொடுக்கும் அந்த மென்பொருள் வேலைதான். ஒரே சேர்வருக்குள், மென்பொருளால் தனித்தனியாகப் பிரித்த இரண்டு மெய்நிகர் கணினிகள். ஒன்று நோயாளிகளின் இதயத் துடிப்பை வாங்கும். மற்றது அதைத் தாதியரின் திரையில் காட்டும். ஒரே இயந்திரத்துக்குள் இருந்தும், வெவ்வேறு ஊரில் இருப்பவைபோல வலையமைப்பு வழியாகத்தான் பேசிக்கொண்டன. வேலை கூடினால் அபாய மணி பிந்தி அடித்தது.

"உதென்னடி கூத்து? பக்கத்து அறைக்குத் தபாலிலை கடிதம் போடுற மாதிரிக் கிடக்கு" என்று சிரித்தாய். நினைவகத்தில் ஒரு துண்டை இரண்டுக்கும் பொதுவாக ஒதுக்கினாய். ஒன்று அங்கே எழுதும், மற்றது அங்கேயே வாசிக்கும். பிரதி எடுக்கும் வேலையே இல்லை. மணி உடனே அடித்தது.

கூடவே ஒரு பூட்டும் போட்டாய்: எழுதும் உரிமை ஒன்றுக்கு மட்டும். ஆஸ்பத்திரிக்குச் செய்து காட்டும் நாள் நெருங்குகிறது, வேறு வழி செய்ய நேரமில்லையென்று, மருந்து விவரம் வைத்திருந்த மூன்றாவது கணினியையும் அங்கே எழுதவிடச் சொன்னார் முதலாளி. நீ எழுந்து நின்றாய்.

"சேர், பிழையா ஒரு இலக்கம் விழுந்தா, சாகிற ஆளுக்கும் நெஞ்சு அடிக்குதெண்டு திரை காட்டும். நான் செய்யமாட்டன்."

அவர் முகம் கறுத்தது.

அடுத்த கிழமையே உனக்கு டெங்கு. காய்ச்சலோடு வேலைக்கு வந்து, "குளிசை போட்டனான், மாறிடும்" என்றாயே, அதற்காக உன்மேலும் எனக்குக் கோபம்தான்.

இன்று அவர் என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, உந்தப் பூட்டைக் கழட்டிவிடும். பிடிவாதம் பிடிக்க அவதான் இப்ப இல்லையே."

நான் எழுந்து நின்றேன்.

"நான் இருக்கிறன், சேர். கழட்டினா, என்ன நடக்குமெண்டு ஆஸ்பத்திரிக்கு நானே போய்ச் சொல்லுவன்."

அவர் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். பூட்டு அப்படியே இருக்கிறது. என் வேலை இருக்குமோ தெரியாது.

முன்பெல்லாம் நீ குரலை உயர்த்தினால், மேசைக்கடியில் உன் கையைப் பிடித்து இழுத்து இருத்துவேன். இன்று என்னை இருத்த யாருமில்லை. உன் கோபத்தை என்னிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். அதை நான் ஆறவிடப் போவதில்லை.