நோர்வூட்டில் வாங்கிய கையெழுத்து

பாசமுள்ள அப்பா,

நம் லயத்து வீட்டுக்கு வரும் கடிதத்தைத் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். அதனால் இதைப் பத்திரிகையிலேயே போடுகிறேன். உங்களுக்கு எழுதுவதை இனி யார் படித்தால் என்ன?

உங்கள் படத்தைப் பார்த்தேன், அப்பா. இந்தியாவிலிருந்து வந்த தலைவரின் கார் நோர்வூட் கடைவீதிக் கூட்டத்தில் நின்றபோது, ஜன்னல் வழியாக நீட்டிக் கையெழுத்தும் தேதியும் வாங்கினீர்களே, அவருடைய அந்தப் படம்.

பிரஜாவுரிமை விசாரணைக்கு அதைத்தான் கொண்டுபோனீர்கள்; நானும் கூட வந்தேன். அந்த வருஷம் இந்த நாட்டில் இருந்ததற்குக் காகிதம் கேட்டார்கள். பேர் பதிந்த பழைய செக்ரோலைக் கரையான் அரித்துவிட்டது என்று ஆபீசில் கையை விரித்தார்கள். வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் தினமும் பேர் சொல்லிக் கூப்பிட்ட மனுஷனுக்கு, இருந்தான் என்று சொல்ல ஒரு தாள் இல்லை.

"இதுல தேதி இருக்குடா. பெரிய மனுஷன் போட்டது. இதுக்கு மேல என்ன சாட்சி?" என்றீர்கள். நானும் நம்பினேன்.

விசாரணை அதிகாரி, பிரபலங்களின் கையெழுத்துகளைச் சேர்ப்பவராம். இழுப்பறையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். நம் குடும்பத்துத் தாள் எதையும் அவர் அவ்வளவு நேரம் பார்க்கவில்லை.

"மூணு இடத்துல பேனாவத் தூக்கியிருக்கு. அசல்னா ஒரே வீச்சுல ஓடும். இது செக்கரட்டரி போட்டது. அவர் எழுதினத நீ கண்ணால பாத்தியா?"

"கூட்டத்துல முகம் தெரியலைங்க. கைதான் தெரிஞ்சிச்சு."

ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா, அப்பா?

"அப்ப இது போலி. போலியக் காட்டியா பிரஜாவுரிமை கேக்குறே?"

"எழுதினது அவரோ, பக்கத்துல இருந்தவரோ, நா அங்க நின்னது நெசந்தானுங்களே?"

அவர் படத்தை ஃபைலுக்குள் வைத்துக்கொண்டார். மனு தள்ளப்பட்டது. அடுத்த மழைக்காலம் முடியுமுன் நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள், எந்த நாட்டு ஆளாகவும் இல்லாமல்.

போன வாரம், நான் வேலை செய்யும் ரேடியோக் கடையிலிருந்து நுவரெலியாவில் ஒரு வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த விசாரணை அதிகாரியின் வீடு. அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. ரேடியோவுக்கு மேலே உங்கள் படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார். கீழ் மூலையில் நீங்கள் கிழிசலை ஒட்டின சோற்றுப்பசைக் கறை அப்படியே இருக்கிறது. இரண்டு விருந்தாளிகளிடம் விளக்கிக்கொண்டிருந்தார்:

"மூணு இடத்துல பேனாவத் தூக்கியிருக்கு பாருங்க. கார்ல உக்காந்து அவசரமா போட்டது. கள்ளக் கையெழுத்துன்னா நிதானமா, வழுவழுன்னு இருக்கும். இது சுத்த அசல்."

"எங்க கெடச்சதுங்க?" என்று கேட்டேன்.

"நோர்வூட்ல வச்சு எனக்கே போட்டுக் குடுத்தார்ப்பா. நீ வால்வைப் பாரு."

பார்த்தேன். மாற்றிக் கொடுத்தேன். ரேடியோ நன்றாகப் பாடியது. படியிறங்கும்போது என் கையை எனக்கே பிடிக்கவில்லை.

"விட்டுத் தொலைடா. அந்த ஆளுகூட நம்மால மோத முடியுமா?" என்கிறாள் அம்மா. உங்கள் மனு தள்ளப்பட்டதால் அவளும் நாங்கள் நாலு பிள்ளைகளும் இன்னும் நாடில்லாமல்தான் இருக்கிறோம். எதை விட?

புது மனு எழுதிவிட்டேன். நாளைக்கு நானே கொண்டுபோய் அவர் மேசையில் வைப்பேன். கையெழுத்து அசல் என்றால், அந்தத் தேதியில் நீங்கள் நோர்வூட்டில் நின்றீர்கள் என்று எழுதித் தரட்டும். போலி என்றால், சுவரிலிருந்து கழற்றித் தரட்டும். இரண்டில் ஒன்றைச் சொல்லாமல் அவரை விடமாட்டேன், அப்பா.

அன்று உங்கள் தோளில் உட்கார்ந்து
அந்தக் கையைப் பார்த்த மூத்த மகன்,
சிவலிங்கம்