திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டிய ஹீரோ

செலியமேடு,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்புத் தம்பி ராஜ்கமலுக்கு,

அக்கா வைஜெயந்தி எழுதுகிறேன். நீயும் உன் அறையில் தங்கியிருக்கும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே அம்மாவுக்கு முட்டிவலி தவிர வேறு குறை இல்லை. உன் மாமாவும் குழந்தைகளும் நன்றாக இருக்கிறார்கள். ஐப்பசி மழை இந்த வருஷம் ஏமாற்றவில்லை, ஏரி முக்கால்வாசி நிறைந்துவிட்டது.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சினிமா என்று நான் வாயெடுத்தாலே, டவர் இல்லக்கா என்று சொல்லி வைத்துவிடுகிறாய். கத்தாரில், அதுவும் தோகாவில் டவர் இல்லையாம், நான் நம்ப வேண்டுமாம். அதனால் லீவு முடிந்து அங்கே திரும்பும் நம் பக்கத்து வீட்டு ஜெயசீலனிடம் கருவாட்டுப் பொட்டலத்தோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். நீ இதைக் கடைசிவரை படித்த பிறகுதான் கருவாட்டைக் கையில் கொடுக்க வேண்டும் என்று அவனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நம்மூரில் சினிமா எடுக்கிறார்கள். சின்னப் படம் இல்லைடா, பெரிய ஹீரோ, பெரிய சண்டை, கார் பறக்கிற படம். ஏரிக்கரைக்கு இந்தப் பக்கம் இருக்கிற தரிசில் கீற்று வேய்ந்த ஒரு தெருவையே கட்டிவிட்டார்கள். டைரக்டர் யார் தெரியுமா? சுகன்யா. உன்னோடு சென்னையில் ஒரே டைரக்டரிடம் ஒன்பது வருஷம் உதவி டைரக்டராக இருந்தாளே, அதே சுகன்யாதான். ஒரு தீபாவளிக்கு நம் வீட்டுக்கு வந்து அம்மா செய்த அதிரசத்தை டப்பாவோடு காலி செய்தவள். இப்போது இருநூறு பேரை வேலை வாங்குகிறாள், குரல் மட்டும் இன்னும் அதே கீச்சுக் குரல்.

வந்த முதல் நாளே வீட்டுக்கு வந்தாள். அம்மா, ஒரு தோசை கெடைக்குமா என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தாள். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் சுவரில் மாட்டியிருக்கும் உன் போட்டோவுக்கு எதிரில்தான் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

எனக்கும் வேலை கொடுத்தாள். கூட்டமாக வந்து நடிக்கச் சென்னையிலிருந்து ஆள் கூட்டி வந்தால் பஸ், சாப்பாடு, தங்குமிடம், உடை என்று செலவு இழுக்கும். நம்மூர் ஜனமே நடித்தால் சொந்தப் புடவையில் வந்து நிற்பார்கள், மாலையில் வீட்டுக்கு நடந்து போய்விடுவார்கள். உங்க மகளிர் குழுவ வெச்சு, சீன்ல ஓடுறதுக்கு ஊர் ஜனத்தப் பழக்குங்கக்கா, கூலி நாள் தவறாம கெடைக்கும் என்றாள். நானும் உடனே ஒப்புக்கொண்டேன். கையில் ஒரு விசில் கொடுத்தார்கள். உன் மாமாவைக்கூட இப்போது விசில் அடித்துத்தான் கூப்பிடுகிறேன்.

ஐப்பசி மாதத்தில் யாராவது வெளியில் ஷூட்டிங் வைப்பார்களா என்று கேட்டேன். ஹீரோ கொடுத்த தேதி இதுதானாம். அவர் தேதி தவறினால் அப்புறம் ஆறு மாதம் காத்திருக்க வேண்டுமாம், அதுவரை இத்தனை பேருக்கும் யார் சம்பளம் கொடுப்பது? இவ்வளவு பணம் கையில் இருந்தால் இஷ்டத்துக்கு எடுக்கலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கிட்டே நின்று பார்த்த பிறகுதான் தெரிகிறது, பணம் பெரிதாக ஆக டைரக்டர் தலைமேல் ஏறி உட்காருகிறவர்களும் அதிகமாகிறார்கள்.

அப்படி உட்கார்ந்தவர் தயாரிப்பாளரின் ஆள் அரங்கநாதன். வெள்ளைச் சட்டை, பெரிய குடை, இரண்டு போன். முதல் வாரத்திலேயே நான்கு நாள் மழை பிடித்துக்கொண்டது. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனால் சுகன்யா மழை விழுந்த அரைமணி நேரத்தில் மொத்தக் கூட்டத்தையும் பாகூர் பக்கம் மூடிக்கிடந்த ஒரு ரைஸ் மில்லுக்குள் கொண்டுபோய், வில்லன் சீன்களை எடுத்துத் தள்ளினாள். மழை வந்தால் போவதற்கென்றே அந்த மில்லை முன்கூட்டியே பேசி வைத்திருந்தாளாம்.

ஒவ்வொரு செலவுக்கும் அவள் கேட்கிற கேள்வி ஒன்றுதான். படம் பாக்குறவன் கண்ணுக்கு இது தெரியுமா என்பாள். தெரியாது என்றால் அந்தச் செலவைத் தூக்கிவிடுவாள். ஹெலிகாப்டர் வேண்டும் என்று கதையில் எழுதியிருந்தது. அது வரவே இல்லை. ராட்சத ஃபேன் ஒன்றைக் கொண்டுவந்து வைக்கோலையும் புழுதியையும் பறக்கவிட்டு, எங்களை அண்ணாந்து பார்க்கச் சொன்னாள். சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்வார்களாம். வானத்தில் ஒன்றுமே இல்லை, ஆனால் நம் சனங்கள் பார்த்த பார்வையில் நானே ஒருமுறை மேலே பார்த்துவிட்டேன். நொறுங்க வேண்டிய கார்களில் இரண்டுதான் ஓடுகிற கார். மற்றதெல்லாம் பழைய இரும்புக் கடையில் வாங்கிப் பெயின்ட் அடித்த வெறும் கூடு.

இப்படி மிச்சம் பிடித்ததை எல்லாம் ஒரே ஒரு ஷாட்டில் கொட்டினாள். ஒரு பஸ் தெருமுனையில் மோதும், கடைசிக் குடிசை வெடிக்கும், தெரு முழுக்கத் தீப் பிடிக்கும். ஜனங்கள் அலறிக்கொண்டு ஏரிக்கரைக்கு ஓடுவார்கள். ஹீரோ கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் மெதுவாக நடந்து வருவார். தெருவை ஒருமுறைதான் எரிக்க முடியும். அதனால் ஆறு கேமரா வாடகைக்கு எடுத்தாள். நெருப்பை கேஸ் குழாய் வைத்து ஏற்றவும் இறக்கவும் தெரிந்த மாஸ்டர் ஒருவரை வரவழைத்தாள். இரண்டு தண்ணீர் லாரியும் ஆம்புலன்ஸும் நின்றன. ஒரு லாரி போதாதா என்று அரங்கநாதன் கேட்டதற்கு, உயிர் விஷயத்துல கொறைக்க மாட்டேன் சார், வேணும்னா என் சம்பளத்துல கழிச்சுக்கோங்க என்றாள்.

புதன்கிழமை சாயங்காலம் அரங்கநாதன் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை இந்த ஷாட் சரியாக வரவில்லை என்றால் மீதிப் படம் ஐதராபாத் ஸ்டுடியோவுக்குப் போய்விடும். பச்சைத் துணி கட்டி, நெருப்பைக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்வார்கள், டைரக்டரும் வேறு ஆள். எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. நீ டைரக்டராகி எடுத்த படத்தை ஷூட்டிங்கின் பன்னிரண்டாவது நாள் நிறுத்தினபோதும் இப்படித்தானே குடை பிடித்து ஒருவன் நின்றிருப்பான். நீ வீட்டுக்கு வந்து பாயை விரித்துச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாய். எழுந்தபோது பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாய்.

அன்றைக்கே சுகன்யா நம் வீட்டுக் கூடத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மாவிடம் புளியங்கொட்டை கேட்டாள். தீப்பெட்டிகளை வீடுகளாக அடுக்கி, சொம்பை பஸ்ஸாக நகர்த்தி, புளியங்கொட்டைகளை ஜனங்களாக ஓடவிட்டுப் பார்த்தாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், என் தம்பியும் இப்படித்தான் செய்வான் என்றேன். அவன் கிட்ட கத்துக்கிட்டதுதான்க்கா என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

நம் ஜனங்களை எத்தனை தடவை ஓடவிட்டேன் தெரியுமா? விசில் அடித்தால் போதும், கரைக்கு ஒரே ஓட்டம். அம்மாவும் முட்டிவலியோடு வந்து நின்றாள். வேண்டாம்மா என்றால், நீ இன்னாடி என்னைத் தடுக்கறது, நான் நடிக்கிறேன் என்றாள். நெருப்பு இல்லாத ஒத்திகையில் எல்லோரும் பிரமாதமாக ஓடினார்கள். சுகன்யா கைதட்டினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை வானம் வெளுத்தது. தார்ப்பாய் போட்டு நனையாமல் காத்து வைத்திருந்த கீற்றுக் கூரைகளைத் திறந்தார்கள். பஸ் வந்து மோதியது. கடைசிக் குடிசை டமார் என்றது. தீ மேலே போனது பார், தம்பி, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நான் விசில் அடித்தேன். ஜனங்கள் ஓடினார்கள்.

கரைக்கு இல்லைடா, தீயைப் பார்த்து ஓடினார்கள்.

நான் திரும்பத் திரும்ப விசில் அடிக்கிறேன், ஒருவர் காதிலும் விழவில்லை. நம்மூரில் கீற்று பற்றினால் என்ன செய்வோம்? யார் வீடு என்றா கேட்போம்? பக்கத்து வீட்டுக் கூரையைப் பிரித்துப் போட்டுத் தீயை வழியில் நிறுத்துவோம். கால் தானாக அங்கேதான் போகும். அதைத்தான் செய்தார்கள். நம் தெருக் கிழவர் இருசப்பன் மாமா அந்த வயதிலும் செட்டு வீட்டின் மேல் ஏறி, பார்த்துப் பார்த்து வேய்ந்த கீற்றையெல்லாம் பிடுங்கி வீசுகிறார். பொம்பளைகள் செட்டில் அழகுக்கு வைத்திருந்த குடங்களைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலுக்கு ஓடுகிறார்கள். மண்ணை அள்ளிப் போடுகிறவர்கள் ஒரு பக்கம். ஓட்டம் பழக்கியவள் நான். அந்தப் பெண்ணின் படம் என்னால் கவிழ்ந்தது என்றே நினைத்தேன்.

இந்தக் களேபரத்தில் ஹீரோ தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தார். கறுப்புக் கண்ணாடியோடு, திரும்பிப் பார்க்காமல், மெதுவாக நடந்து வந்தார். அவர் எதிரில் போய் நின்றாள் நம் அம்மா. தெருவே எரியுது, திரும்பிக்கூட பாக்காம எங்கடா போற, இன்னா புள்ளடா நீ என்று கத்திவிட்டு, இடுப்பில் இருந்த குடத்தை அவர் கையில் திணித்தாள். அவர் ஒரு நொடி அப்படியே நின்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிட்டு, குடத்தோடு தீயைப் பார்த்து ஓடினார்.

நான் சுகன்யாவைத்தான் பார்த்தேன். அரங்கநாதன் அவள் காதருகில் கட் சொல்லு, கட் சொல்லு என்று குதிக்கிறார். மைக் அவள் வாய்க்கு நேராக இருக்கிறது. அவள் கட் சொல்லவில்லை. நெருப்பு மாஸ்டரிடம், ஜனம் இருக்கிற பக்கம் கேஸை நிறுத்துங்க, அந்தக் கோடி மட்டும் எரியட்டும் என்றாள். கேமராக்காரர்களிடம், யாரும் நிறுத்தாதீங்க, அந்த அம்மாவ விடாதீங்க என்றாள். தண்ணீர் லாரிகளை ஜனங்களுக்குப் பக்கத்தில் நகர்த்தினாள். எல்லாம் ஒரே மூச்சில். யாருக்கும் ஒரு சூட்டுக் கொப்புளம்கூட இல்லை.

முடிந்ததும் டிவியில் போட்டுப் பார்த்தார்கள். புகைக்குள்ளிருந்து நம் சனம் குடத்தோடு வருகிறது, நடுவில் ஹீரோ கரிபிடித்த முகத்தோடு தண்ணீர் மொண்டு ஊற்றுகிறார். ஹீரோதான் முதலில் வாயைத் திறந்தார். இதுவரைக்கும் பத்துப் படத்துல திரும்பிப் பாக்காம நடந்துட்டேன் மேடம், இதுதான் எனக்கு வேணும் என்றார். அரங்கநாதன் போனை எடுத்துக்கொண்டு தூரப் போனார். திரும்பி வந்து, ஐதராபாத் வேண்டாமாம், முதலாளியே பொங்கல் கழிச்சு இங்க வர்றாராம் என்றார். குடையை மடக்கி அம்மாவுக்கு உட்கார நாற்காலி போட்டதும் அவர்தான். சந்தோஷத்தில் நான் அடித்த அடியில் விசில் உடைந்தே போய்விட்டது.

அடுத்த கட்டம் பொங்கலுக்குப் பிறகு, ஏரிக்கரை மேல் கார் துரத்தல். சொன்ன பணத்துக்குள் முடிக்க வேண்டுமானால் படம் எடுக்கிறவர்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து ஒரே நேரத்தில் எடுக்க வேண்டுமாம். இரண்டாவது கூட்டத்துக்கு ஒரு டைரக்டர் வேண்டும். அரங்கநாதன் நான்கு பேர் சொன்னார், இவள் வேண்டாம் என்றாள். யாரை மனதில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, நம் அம்மாவைப் பார்த்தாள். என்னிடமும் வந்து எதுவும் கேட்கவில்லை. போகும்போது மட்டும் அந்தப் புளியங்கொட்டைகளை ஒன்றுவிடாமல் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்து எடுத்துக்கொண்டு போனாள்.

இன்னொன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். சுகன்யா அம்மாவைக் கட்டிக்கொண்டு, தீப் பிடிச்சா உங்க ஊர்ல ஒருத்தர்கூட ஓட மாட்டீங்களாம்மா என்று கேட்டாள். அம்மா, எங்க ஊர்ல எவனும் ஓட மாட்டான் என்றாள் கம்பீரமாக. வீட்டுக்கு வந்து, கரிபிடித்த புடவையை மாற்றாமல் உன் போட்டோவுக்குக் கீழே காலை நீட்டி உட்கார்ந்தாள். நான் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஒருத்தன் ஓடிட்டான்னு அந்தப் பொண்ணு கிட்ட நான் சொல்லலடி என்றாள்.

உனக்கு நல்ல புத்தியும் நல்ல உடம்பும் கொடுக்கச் சொல்லி வில்லியனூர் கோயிலில் வேண்டிக்கொண்டிருக்கிறேன். கருவாட்டை வெயிலில் ஒருமுறை காட்டிவிட்டு எடுத்து வை. பொங்கலுக்கு முன்னால் வந்துவிடு, தம்பி. நம் அம்மா இத்தனை வயசுக்கு ஒரு பொய் சொன்னவள் இல்லை, எவனும் ஓட மாட்டான் என்று சொன்னதைப் பொய்யாக்கிவிடாதே.

உன் வரவுக்கு வாசலைப் பார்த்திருக்கும்
அக்கா,
வைஜெயந்தி