மீன் சாப்பிட்ட தகப்பன்

“மாஸ்டர்ஜி, உங்க தோஸ்த் இன்னும் மீன் சாப்பிடுறாராமே?”

அப்போது நம் தீவின் கேம்பல் பே படகுத்துறையில் கடைக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே என்னிடம் கேட்டது இது. இன்று பாம்பூஃப்ளாட் படகுத்துறையில் சூரை மீன் பொரிக்கிற வாடை வந்ததும் அந்தக் கேள்வியும் கூடவே வந்துவிட்டது. அதனால்தான் அந்தத் தோஸ்தான உங்களுக்கு எழுதுகிறேன், சார்.

சுனாமி அலை வந்துபோன பிறகு தீவில் பலர் மாதக்கணக்கில் மீனைத் தொடவில்லை. அதில் போனவர்களில் பலருடைய உடல் கிடைக்கவே இல்லை. மீன் எதைத் தின்று வளர்ந்திருக்கும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. விற்கக் கொண்டுவந்த மீன் கூடை அப்படியே திரும்பிப் போனது. உங்கள் மகள் சுமதியும் கிடைக்கவில்லை. ஆனால் வீடிழந்த நமக்குப் போட்டுக்கொடுத்த தகர ஷெல்டர் வரிசையில் முதலில் மீன் வாங்கியவர் நீங்கள்.

ஏன் என்று கேட்டேன். “பாவத்துக்குக் கடல் தண்டனை குடுத்துச்சுன்னு பேசிக்கிறாங்களே, எம்புள்ள என்ன பாவம் பண்ணுச்சு சார்? கடலுக்கு மனசு கிடையாது. அது யாரையும் தேடி வரல. நான் அதுகிட்ட கோவிச்சுக்கிட்டா, ஆள் பார்த்துத்தான் எடுத்துச்சுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்” என்றீர்கள்.

ஊருக்குப் போய்ச் சேர்ந்தது வேறு. பிள்ளை போனதில் அவனுக்கு வருத்தமே இல்லையாம் என்றார்கள். பிறகு, பிள்ளையைத் தின்ற மீனைத் தின்கிறான் என்றார்கள். குழாயடியில் உங்கள் மனைவியின் காதுபடவே சொன்னார்கள். அன்றிலிருந்து அவர் உங்கள் தட்டில் சோற்றை வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொள்வார். மீனை நீங்களே கழுவி நீங்களே பொரித்தீர்கள்.

நான் வாத்தியார் புத்தியோடு விளக்கப் போனேன். தேங்காய் விழுந்து ஒருவன் செத்தால் மரத்தின் மேல் கோபப்படுவோமா என்று கேட்டேன். எல்லாரும் தலையாட்டினார்கள். மறுநாள், மகளைத் தேங்காய் என்று நீங்கள் சொன்னதாகப் பேச்சு.

“சார், இனிமே உதாரணம் சொல்லாதீங்க. அது மட்டுந்தான் ஊருக்குப் போய்ச் சேருது” என்று நீங்கள் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பையும் யாரோ பார்த்துவிட்டார்கள்.

ஒரு காலையில் உங்கள் வாசலில் மீன் முள் கொட்டிக் கிடந்தது. அதன் மேல் ஒரு குழந்தையின் பிளாஸ்டிக் வளையல். சுமதியுடையது அல்ல. முள்ளை நீங்கள் கூட்டித் தள்ளினீர்கள். உங்கள் மனைவி வளையலைக் கழுவி எடுத்து வைத்துக்கொண்டார். உங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

சில வருடங்கள் கழித்து நீங்களும் போனீர்கள். பள்ளியில் இரங்கல் கூட்டம். முள்ளைக் கொட்டியவர் என்று நாம் இருவரும் யாரைச் சந்தேகப்பட்டோமோ, அந்த மனிதர்தான் மைக் முன்னால் நின்றார். “மகள் போன நாளிலிருந்து மீனையே தொடாத தகப்பன்” என்றார். கை தட்டினார்கள். முன்வரிசையில் உங்கள் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். உங்களை நினைத்து அவர் பெருமைப்பட்டு நான் பார்த்தது அன்றுதான்.

கூட்டம் கலைந்ததும் உங்கள் மனைவியிடம் போனேன். “தங்கச்சி, அவர் சாப்பிட்டார். உங்களுக்கே தெரியும்.”

“இப்பவாவது நல்லதாச் சொன்னாங்களே. விடுங்கண்ணே.”

“எதுக்குச் சாப்பிட்டார்னு தெரியுமா?”

“புள்ள போனா போகட்டும்னு.”

“யார் சொன்னது?”

“எல்லாருந்தான்.”

“அவர் சொன்னாரா?”

நீங்கள் என்னிடம் சொன்னதை வார்த்தை மாறாமல் சொன்னேன், உதாரணம் எதுவும் சேர்க்காமல். கேட்டுவிட்டு, “ஒரே வீட்லதானேண்ணே இருந்தோம்” என்றார். அழவில்லை.

அந்த முகத்தைத்தான் சார் நான் இன்னும் சுமக்கிறேன். அதற்கு ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இந்த மடல் வேறு யார் கண்ணிலாவது பட்டால், அவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ஒருவர் இப்படி நம்புகிறாராம் என்று உங்கள் காதில் விழுந்தால், அவர் உயிரோடு இருக்கும்போதே போய் அவரிடம் கேளுங்கள்.