ஆறே காலுக்கு ஒரு வண்டி

பழைய காகிதங்களைப் பிரித்து அடுக்கும்போது இன்று அந்த ஒப்புகை அட்டை கிடைத்தது. நம் மகளின் கல்யாணப் பத்திரிகையை உன் அண்ணனுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேனே, அதைப் பெற்றுக்கொண்டதற்கு அவர் போட்ட கையெழுத்து.

தாய்மாமனுக்குத் தாம்பூலத் தட்டோடு நேரில் போய் வைப்பதுதான் முறை. எனக்கும் தெரியும். ஆனால் வெள்ளிமலைக்கு ஏறிப்போய் அந்தப் பெரிய குரல்காரர் முன்னால் நிற்க எனக்கு எப்போதும் பயம். தபால் தவறாது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. அத்தாட்சி இருக்கிறது என்று இந்த அட்டையை உன்னிடம் நீட்டினேன். நீ கையில் வாங்கவில்லை.

அதன் பிறகு எத்தனை முறை கேட்டாய்.

"இன்னாங்க, வெள்ளிமலைக்கு இப்ப பஸ்ஸு எப்ப?"

"ஆறே காலுக்கு ஒண்ணு, ஒம்பதுக்கு ஒண்ணு."

"கூட்டம் ஜாஸ்தியா இருக்குமா?"

"செவ்வாக்கெழம கம்மியா இருக்கும்."

"பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரா போயிருக்கணும் நீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாய்.

பிறந்த ஊருக்குப் போக உனக்கா வழி தெரியாது? நான் தட்டோடு கூட வராமல் அண்ணன் முகத்தில் விழிக்க உன்னால் முடியாது. நீ கேட்டது அதைத்தான். காதில் விழுந்த ஒவ்வொரு சொல்லுக்கும் சரியாகப் பதில் சொன்னேன், காது கொடுக்கவில்லை. சில நாள் இதைவிட மோசமாகவும் தோன்றுகிறது. புரிந்துதான் இருந்ததோ, ஒப்புக்கொண்டால் புறப்பட வேண்டுமே என்றுதான் நேரம் சொன்னேனோ? இன்னும் தீர்மானிக்க முடியவில்லை.

நீ போன அன்று, மகள் போன் செய்ததுமே, பிறந்த வீட்டுக் கோடிப் புடவையோடு உன் அண்ணன் மலையிறங்கி வந்தார். உன்மேல் போர்த்திவிட்டு என் பக்கம் திரும்பினார். சத்தம் போடவில்லை.

"இதுக்குத்தான் யாரும் வந்து கூப்பிட வேணாம், இல்ல மாப்ள?" என்றார்.

இப்போது ஞாயிறுதோறும் அவருக்குப் போன் செய்கிறேன். "மழயே இல்ல மாப்ள, மரவள்ளி வாடிப் போச்சி" என்கிறார். யோசனை சொல்ல வாயெடுக்கிறேன். அடக்கிக்கொள்கிறேன். பிறகு அவராகவே தொடங்குகிறார். போன வாரம் சொன்னார்: "சின்னதுல அவ பாற மேல ஏறி நின்னு என்னைக் கூப்டுக்கினே இருப்பா. நான் பதிலுக்குக் கத்துற வரைக்கும் எறங்க மாட்டா."

ஒரு வாரமாக அந்தக் குரல்தான் எனக்குக் கேட்கிறது.