அக்காவிடம் கேட்டு எழுதியது

மார்ச் 4, செவ்வாய்
கிசுகிசுப் பத்திக்கு ஒரு வரிகூடச் சிக்கவில்லை. வியாழக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். "என்னய்யா, ஒரு நடிகைகூடவா யாரையும் காதலிக்கல?" என்கிறார் ஆசிரியர். ஸ்டுடியோ காவல்காரருக்குச் சிகரெட் கொடுத்ததுதான் மிச்சம். இருப்புக்கொள்ளவில்லை.

மார்ச் 5, புதன்
அக்கா வீட்டில் சாப்பாடு. அந்தப் பெரிய நடிகைக்குப் பதினோரு வருஷமாக அக்காதான் தலையலங்காரம். அத்தான் போன பிறகு, அந்தச் சம்பளத்தில்தான் மகளைப் படிக்க வைத்தாள். அவள் வேலை இடத்துக் கதையை நான் தொடக்கூடாது என்று எங்களுக்குள் பேச்சு. இன்று அவளாகவே சொன்னாள்.
"எங்க நடிகையம்மா நடிப்பை விடப் போறாங்கடா. மலையில வீடு வாங்கியாச்சாம், கதவுக்கு நீலப் பெயிண்டாம். மனசு தாங்காம சொல்றேன். உன் பேனாவுக்கு இல்ல."
"சேச்சே," என்றேன்.

மார்ச் 6, வியாழன்
எழுதிவிட்டேன். பெயர் போடவில்லை, யார் பெயரைத்தான் போட்டிருக்கிறேன்? 'மான்விழியாள் திரைக்கு முழுக்குப் போடுகிறாராம். மலையில் நீலக் கதவு காத்திருக்கிறதாம்.' ஆசிரியர் துள்ளிக் குதித்தார். அந்த வீட்டில் பத்துப் பேர் வேலை செய்கிறார்கள். யார் சொன்னது என்று எப்படித் தெரியும்?

மார்ச் 8, சனி
பத்து மணிக்கே கடைகளில் இதழ் காலி. அக்கா வீட்டுப் பக்கம் நான் போகவில்லை.

மார்ச் 10, திங்கள்
நடிகையின் மேக்கப்காரர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். "மாட்டிக்கிட்டியேய்யா! யார் உனக்குச் சேதி தர்றதுன்னு கண்டுபிடிக்க, அந்தம்மா ஆளுக்கொரு பொய் சொல்லி வச்சாங்க. எனக்குச் சொன்னது, டாக்டர் ஒருத்தரைக் கட்டிக்கப் போறதா. டிரைவருக்கு வெளிநாட்டுப் பயணம். நீலக் கதவு யாருக்குச் சொன்னதோ, அது அவங்களுக்குத்தான் தெரியும்."
வீடும் இல்லை, கதவும் இல்லை. ஐயோ, பாவி! ஊரார் வாயைப் பிடுங்கியே பிழைக்கிறவன், இதைக்கூட யோசிக்கலையே!

மார்ச் 11, செவ்வாய்
அக்காவுக்கு வேலை போய்விட்டது. அழவில்லை, திட்டவும் இல்லை. நாலு அறை விட்டிருக்கலாம்.
"அம்மா கூப்பிட்டு, 'உன்மேல எனக்குச் சந்தேகமே இருந்ததில்ல, எல்லார்கிட்டயும் சொல்றப்போ உன்கிட்டயும் ஒண்ணு சொல்லி வச்சேன்'னு சொன்னாங்கடா. அதுதான் தாங்கல."

மார்ச் 14, வெள்ளி
நடிகையின் வீட்டுக்கே போனேன். அக்கா சொல்லவில்லை, நானாகக் கட்டிவிட்ட கதை என்று சாதித்தேன்.
"நீங்க புளுகுறவர்னு தெரியும். ஆனா என் பொய்யையே அச்சு அசலா எப்படிப் புளுகினீங்க?" என்றார். அவர் தலையை வேறு யாரோ வாரிவிட்டிருந்தார்கள். வகிடு கோணல். நான் எழுந்து வந்துவிட்டேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு
அக்கா ஒரு நாடகக் கம்பெனியில் சேர்ந்திருக்கிறாள். வாரம் தவறாமல் போகிறேன். சாப்பாடு போடுகிறாள். வெயிலைப் பற்றிப் பேசுகிறாள். அவள் மகள் அறையை விட்டு வெளியே வருவதில்லை. கோபமா இது? கோபமென்றால் ஒருநாள் தணியுமே.

ஜூன் 1, ஞாயிறு
காலையில் கடைத்தெருவில் ஆசிரியர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்க அக்கா பொண்ணுக்கு நிச்சயமாயிடுச்சாமே! வாயே திறக்கலையேய்யா நீ!"
தாய்மாமன் நான். எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி சிரித்து வைத்தேன்.
நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். நிச்சயத்தைப் பற்றிக் கேட்டேன்.
"கல்யாணத்துக்கு முதல் நாள் சொல்லலாம்னு இருந்தேன்டா."
"மாப்பிள்ளை யாருக்கா? என்ன வேலை?"
என் சட்டைப்பையில் இருந்த பேனாவைப் பார்த்தாள்.
"நல்ல பையன்," என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை.