அப்பா தேய்த்த கார்

அன்புள்ள பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு தும்மல்கூட இல்லாமல் இருக்க வேண்டும். அப்பா எப்படி இருக்கிறார் என்று தனியாகக் கேட்டிருந்தாய். உடம்புக்கு ஒன்றுமில்லை, வலது தோள் மட்டும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அது ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பேப்பரைப் படிப்பார், மடிப்பார், மடித்ததைப் பிரித்து மறுபடி படிப்பார், நீ பார்த்ததுதானே. திடீரென்று ஒருநாள், கீழே ஷெட்டில் உறை போட்டு வருஷக்கணக்காக நிற்கிற காரின் ஞாபகம் வந்துவிட்டது. ஓட்டப் போவதில்லையாம், பெயிண்டை மட்டும் பழையபடி கொண்டுவரப் போகிறாராம். உறையை எடுத்தால் சிவப்பு வெளிறி, தொட்ட விரலில் சுண்ணாம்பு மாதிரி ஒட்டுகிறது. ஒரு பெயிண்டரிடம் கேட்டு வந்து, கழுவி, கண்ணாடிக்கும் நம்பர் பிளேட்டுக்கும் டேப் ஒட்டி, தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளால் தேய்த்தார். அதன்மேல் காம்பவுண்டு என்று ஒரு பசை, அதன்மேல் பாலிஷ். அழுத்தினால் பெயிண்ட் போய் இரும்பு பல்லிளிக்குமாம், அதனால் என்னிடம் ஒருநாளும் காட்டாத நிதானத்தை அந்தக் கதவுகளிடம் காட்டினார். உன் காலேஜ் சட்டைகள் எல்லாம் துடைக்கிற துணியாகிவிட்டன, கோபித்துக்கொள்ளாதே.

மேல்வீட்டுக் கடுகை மறந்திருக்க மாட்டாய், நீ வைத்த பேர்தானே. தண்ணீர்த் தொட்டிச் சண்டைக்கு முந்தின நல்ல காலத்தில் அவரும் அப்பாவும் சேர்ந்துபோய் ஒரே மாதிரி சிவப்புக் கார் வாங்கினார்கள், ஒரே மாதிரி உறையும் வாங்கினார்கள். சண்டைக்குப் பிறகு கார்கள் மட்டும்தான் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அப்பா தேய்க்கும்போதெல்லாம் கடுகு பால்கனியில் வந்து நின்று ஆகாயத்தைப் பார்த்து, "பொணத்துக்குப் பவுடர் பூசுறாங்கப்பா" என்பார். அப்பாவும் ஆகாயத்தைப் பார்த்து, "சில பேர் வண்டி பொணமா இருக்கக்கூட லாயக்கில்ல" என்பார். நடுவில் மாட்டிக்கொண்ட ஆகாயத்தை நினைத்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கும்.

ஒருவழியாக முடிந்தது. என் கண்ணே பட்டிருக்கும், அப்படி ஒரு சிவப்பு, அதில் முகம் பார்த்து நான் தலை வாரிக்கொண்டேன். மறுநாள் காலையில் பழைய இரும்பு வாங்குகிறவர் லாரியோடு வந்து நிற்கிறார். கடுகு தன் காரை எடைக்குப் போட்டுவிட்டாராம். உறையை எடுத்தார்கள், இரும்புக்காரர் வண்டிப் புத்தகத்தைப் பார்த்தார், "சார், புக்குல இருக்கிற நம்பர் வேற, வண்டியில இருக்கிறது வேற" என்றார். பிறகு அப்பாவின் காரிடம் போய் நம்பர் பிளேட்டில் இன்னும் எடுக்காமல் இருந்த டேப்பைப் பிய்த்துப் பார்த்துவிட்டு, "இதுதான், கயித்தக் கட்டு" என்றார். போன தடவை ஷெட்டுத் தரைக்கு சிமெண்ட் போட்டபோது இரண்டு வண்டியையும் வெளியே தள்ளிவிட்டு இடம் மாற்றி நிறுத்தியிருக்கிறார்கள், இத்தனை நாளும் உன் அப்பா தேய்த்தது கடுகு வீட்டுக் கார். டேப் ஒட்டும்போதாவது நம்பரைப் பார்க்கக் கூடாதா என்று கேட்டேன். "பெத்த புள்ளைய நம்பர் பாத்தாடி தூக்குவாங்க?" என்று சொல்லிவிட்டு, பானெட் மேல் குப்புறப் படுத்துக்கொண்டார்.

கடுகு இறங்கி ஓடிவந்தார். கை கலந்துவிடுமோ என்று நான் நடுவில் போய் நின்றேன். அவரோ காரைச் சுற்றிவந்து கதவில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தார், அப்புறம் இரும்புக்காரர் மேல் பாய்ந்தார், "இந்த வண்டிய எவனாவது இரும்புக்குப் போடுவானா? அறிவிருக்கா உனக்கு?" லாரி வந்ததுக்கு ஏதாவது ஒரு வண்டியைக் கொடுங்கள் என்று அந்த மனுஷன் அழாத குறை. அப்பா படுத்தபடியே நம் காரைக் காட்டி, "அத எடுத்துட்டுப் போப்பா" என்றுவிட்டார். பாப்பா, உன்னைப் பச்சைக்குழந்தையாக ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த வண்டி. லாரி தெருமுனை திரும்புகிறவரை நான் வாசலிலேயே நின்று பார்த்தேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, தன் சட்டைப் பொத்தான் பானெட்டைக் கீறிவிட்டதா என்று தடவிக்கொண்டிருந்தார்.

பிறகு பஞ்சாயத்து. வண்டி என்னுடையது என்கிறார் கடுகு. "தாராளமா எடுத்துக்க, பெயிண்ட வச்சிட்டுப் போ" என்கிறார் அப்பா. கடைசியில் இரும்பு அவருடையது, பெயிண்ட் நம்முடையது என்று முடிவானது. டயரில் காற்று இறங்கினால் அவர் பொறுப்பு, காக்கை எச்சமிட்டால் நம் பொறுப்பு. இப்போது கடுகு தினமும் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கீழே வந்து, "இந்தப் பக்கம் ஒரு திட்டு விட்டுப்போச்சு பாரு" என்று நேராக அப்பாவின் முகத்தைப் பார்த்தே சொல்கிறார். இரண்டு பேருக்கும் சேர்த்து நான்தான் காபி கொண்டுபோகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, குழந்தையைக் குளிரில் காதை மூடாமல் வெளியே கூட்டிப்போகாதே. நீங்கள் மூன்று பேரும் குறையொன்றும் இல்லாமல் நெடுங்காலம் வாழ வேண்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் பேசும்போது கார் எப்படி இருக்கிறது என்று வாய்தவறியும் கேட்காதே. பெயிண்ட் எப்படி இருக்கிறது என்று கேள்.

ஆசிகளுடன்,
உன் அம்மா