ஆண்டவரிடம் ‘வே’ போட்டுப் பேசலாம் என்ற கிரேஸ் அக்காவுக்கு

என் ஆசை அக்கா,

ஒருவரும் நம்பமாட்டாத கதை ஒன்றை இதோ சொல்லப்போகிறேன். சத்தியம் பண்ணினால் காதைத் திருகுவாய் என்பதால் நெஞ்சில் கை வைத்து மட்டும் சொல்கிறேன். சங்கரன்கோவில் முழுக்கக் கேட்கட்டும்.

நீ போய் நாலு மாதம் ஆகிறது. உன்னை அடக்கம் பண்ண வந்த கூட்டத்தின் தலை கல்லறைத் தோட்டத்தில் நின்றது. வால் அடுத்த ஊரான திருவேங்கடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தது. பிறகு என்ன? ஓய்வுநாள் பள்ளியில் முப்பது வருஷம் சின்னப் பிள்ளைகள் வகுப்பு எடுத்தவள் அல்லவா. நீ முழங்கால் போட்டால் ராயகிரியில் மழை கொட்டும். காயப்போட்ட வற்றல் நனைந்துவிட்டதென்று ஆட்கள் நம் வாசலில் வந்து சண்டைக்கு நிற்பார்கள்.

அபிஷாவை நினைவிருக்கிறதா? விசைத்தறிக்காரர் மகள். ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது உன் வகுப்பில் எழுந்து நின்று ஜெபம் பண்ணினாளே. “ஆண்டவரே, எங்கம்மைக்குக் காய்ச்சல். நீரு சும்ம இருந்தா எப்படி வே? இங்கன கொஞ்சம் வந்து பாரும்.” தறியில் அவள் அப்பா கூட்டாளிகளிடம் பேசுகிற அதே பேச்சு.

வாசலில் நின்ற மேற்பார்வை அண்ணாச்சிக்கு மீசை துடித்தது. “ஏட்டி, ஆண்டவர்ட்டயா வே போட்டுப் பேசுத?”

நீ எழுந்திருக்கக்கூட இல்லை. “அண்ணாச்சி, நாம ஜெபத்துல ‘நீர்’னு சொல்லுதோம். நீருக்குப் பக்கத்து வீடுதான ‘வே’? பிள்ள வாசலோட நிக்காம உள்ள போயிட்டா. விடுங்க.” அண்ணாச்சியின் மீசை அன்றைக்குத் தொங்கியதுதான், இன்னும் நிமிரவில்லை.

இப்போது உன் வகுப்பு யாரிடம் இருக்கிறது தெரியுமா? என்னிடம். சிரிக்காதே. போதகர் கோயிலைச் சுற்றிப் பார்த்தார், கல்யாணம் காட்சி என்று ஓடாமல் உட்கார்ந்திருந்தவன் நான் ஒருவன்தான்.

மூன்று வாரம் ஜமாய்த்தேன் அக்கா. வெள்ளத்தில் மிதந்த பேழையைக் கொண்டுவந்து நம் பக்கத்துக் கரிசலில் தரைதட்ட வைத்தேன். சகதியில் யானை இறங்கித் தள்ள, ஒட்டகம் “ஏலே, இன்னும் கொஞ்சம்” என்று சத்தம் கொடுத்தது. பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். கிரேஸ் அக்காவுக்கு நான் என்ன குறைந்துவிட்டேன் என்று எனக்கே ஒரு நினைப்பு.

நாலாவது வாரம் அபிஷா கேட்டாள். இப்போது நாலாம் வகுப்பு. “மாமா, நீங்க வீட்ல ஜெபம் பண்ணுவீயளா?”

நான் எப்பேர்ப்பட்ட ஆள். முழங்கால் பட்டுப்பட்டுத் தரையில் கிணறு விழுந்துவிட்டது என்று அளந்திருக்கலாம். வாயைத் திறந்தும் விட்டேன். அந்தப் பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

“இல்ல மக்கா. பண்ணுதது இல்ல. கிரேஸ் டீச்சர் போனதுல இருந்து வரல.”

யாரும் சிரிக்கவில்லை. முப்பது வருஷமாக நீ கட்டியதை ஒரே வார்த்தையில் இடித்துவிட்டோம், இனி இதுகள் எதை நம்பும் என்று எழுந்து போகப் பார்த்தேன். அப்போது ஜெரின் என்ற பொடியன் சொன்னான், ஏதோ வீட்டுப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி. “டீச்சரும் ஒருக்கா இப்படித்தான் சொன்னாவ. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தன்னைக்கி. எனக்கு ஜெபம் வரல, நீங்க எனக்காகப் பண்ணுங்கன்னாவ. நாங்க பண்ணுனோம்.”

அக்கா, என்னிடம் வெறும் வாய்வு என்றுதானே சொன்னாய்? கூடப்பிறந்தவனிடம் மறைத்ததை இத்தனூண்டுப் பிள்ளைகளிடம் எப்படிச் சொன்னாய்? வண்ணப் படங்களாலும் பாட்டாலும் நீ பிள்ளைகளைப் பிடித்து வைத்திருந்தாய் என்றல்லவா நினைத்தேன். உனக்கு வந்த ஜெபத்தையும் வராத ஜெபத்தையும் ஒன்றுபோல அவர்கள் முன்னால் வைத்திருந்திருக்கிறாய். அதற்கு எவ்வளவு விசுவாசம் வேண்டும். எனக்கு ஒட்டகத்தைப் பேச வைக்கத்தான் தெரியும்.

அபிஷா என்னைக் கண்ணை மூடச் சொன்னாள். “ஆண்டவரே, மாமாவுக்கு ஜெபம் வரலியாம். அவரு நல்லவருதான், கொஞ்சம் பொய் சொல்லுவாரு. நீரே முதல்ல பேச்சுக் கொடும்.” நான் ‘ஆமென்’ சொன்னேன்.

வருகிற ஞாயிறும் போவேன் அக்கா, அதற்கடுத்த ஞாயிறும். அளப்பதை விடுவேன் என்று வாக்குக் கொடுத்தால் அதுவே பெரிய பொய்யாகிவிடும். ஆனால் ஜெபம் வராத வாரத்தில் வரவில்லை என்றே பிள்ளைகளிடம் சொல்வேன். இது உனக்கு என் வாக்கு.

இந்தக் கடிதத்தில் முக்கால்வாசி என் கைச்சரக்கு என்று ஊருக்கே தெரியும். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து “இல்ல மக்கா” என்றேனே, அங்கிருந்து அபிஷாவின் ஜெபம் வரை மட்டும் அப்படியே நடந்தது.

நீ தலையில் குட்டிக் குட்டி வளர்த்தும் திருந்தாத,
உன் கடைசித் தம்பி
தேவராஜ்